பரணும் அடுப்பு மேடையும்

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ வாங்கி அனுப்பிய செகண்ட் ஹேண்ட் குட்டி கம்ப்யூட்டர் ரெண்டு வாரமாக என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சரியாகிவிட்டது.

ஆவணி முகூர்த்தம், வடிவமைத்துக் கொடுக்கக் கையில் ஏழு கல்யாணப் பத்திரிகை. பிள்ளையார் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும், 'லோ மெமரி' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். இடம் அடைத்துவிட்டது போலிருக்கிறது என்று உன் காலேஜ் போட்டோ, தாத்தா சதாபிஷேகப் போட்டோ எல்லாவற்றையும் அழித்தேன். பெட்டி போகவில்லை. நல்லவேளை, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யவில்லை. அத்தனையும் மீட்டுவிட்டேன், திட்டாதே.

பிறகுதான் புரிந்தது. ஃபைல்களைச் சேர்த்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் பரண், வேலை நடக்கும்போது மட்டும் வைத்துக்கொள்ளும் மெமரியான ரேம் அடுப்பு மேடை. பரணை ஒழித்தால் மேடையில் இடம் வருமா? மேடை நிறைந்ததும் விண்டோஸ் ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றி இறக்குகிறது. அதனால்தான் டிஸ்க் கரகரவென்று ஓய்வில்லாமல் ஓடியிருக்கிறது.

மேடையை எது அடைக்கிறது என்று கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன். மெமரி 94 சதவீதம். குரோமில் மட்டும் 19 டேப். நீ போட்டுக் கொடுத்த வீடியோ கால் சாஃப்ட்வேரும் ஆன் செய்ததுமே தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்டார்ட்அப்பில் அதை நிறுத்தி, டேப்களையும் மூடியதும் 70-க்கு இறங்கியது. ஆனால் படத்தைத் தொட்டால் பழைய கதைதான்.

சரி, இன்னொரு 4 ஜிபி ரேம் போடலாம் என்று கடைக்குப் போனேன். இந்தக் குட்டி கம்ப்யூட்டருக்கும் லேப்டாப் ரேம்தானாம். முதலில் டிடிஆர்4 என்ற புது வகை ரேமைக் கொடுத்துவிட்டார்கள். நடுவிலுள்ள வெட்டு பொருந்தவில்லை. அமுக்காமல் திருப்பிக் கொடுத்து, பழையதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, அதே வகையான 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வாங்கி வந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானே மாட்டினேன், 'டிக்' என்று உட்கார்ந்தது. 8 ஜிபி காட்டியது. ஆனால் பக்கத்திலேயே, பயன்படுவது 3 சொச்சம் என்றும் காட்டியது! கடைக்காரர் "போர்டு போச்சு, புதுசே வாங்கிடுங்கம்மா" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சிஸ்டம் விவரத்தில் அதே பக்கத்தில் கீழே பார்த்தால், '32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர்' என்று இருக்கிறது. பிராசஸர் 64-பிட், அதன்மேல் ஏற்றிய விண்டோஸ் 32-பிட். 32-பிட் விண்டோஸ் 10 எத்தனை ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் தொடாது. அந்த நாலிலும் கிராபிக்ஸுக்கும் மற்றதற்கும் ஒதுக்கியது போகத்தான் நமக்கு. யார் ஏன் இப்படிப் போட்டார்களோ! நீயும் பார்த்துத்தானே வாங்கினாய்?

32-ஐ அப்படியே 64 ஆக்க முடியாது, புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். ஃபைல்களை வெளி டிஸ்கில் எடுத்துவைத்து ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். பழைய லைசென்ஸே செல்லுபடியானது. விண்டோஸ் 11 போட்டிருக்கலாமே என்பாய். இந்தப் பிராசஸருக்கு அது ஒத்துவராது. எழுத்துருக்களை எடுத்துவைக்க மறந்துபோய், அச்சகத்திலிருந்து பென்டிரைவில் வாங்கிவந்தது தனிக் கூத்து.

இப்போது பிள்ளையார் எவ்வளவு பெரிதானாலும் பெட்டி வருவதில்லை. பழைய பிரிண்டரை இயக்கும் சாஃப்ட்வேர், அதுதான் டிரைவர், 64-பிட்டில் மட்டும் கிடைக்கவில்லை. தீபாவளிக்கு வரும்போது அதைப் பார்த்துக் கொடு. அதுவரை அச்சகத்தில் கொடுத்துத்தான் ப்ரூஃப் எடுக்கிறேன், பக்கத்துக்கு அஞ்சு ரூபாய்.

அன்புடன்,
அம்மா