பீக்கோ நடைபாதையின் கட்ட முடிவிடங்களுக்கு ஏற்ப பஸ் நேரங்களைத் திருத்தக் கோரும் மனு

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மத்திய மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை,
கண்டி.

அனுப்புநர்:
பீக்கோ பாதையில் நடப்போரும் உள்ளூர் வழிகாட்டிகளும்,
கண்டி, நுவரெலியா மாவட்டங்கள்.

விடயம்: தோட்டப் பகுதி பஸ் சேவைகளில் காலை, மாலை நேர மாற்றமும் தரிப்பிட அறிவிப்புப் பலகைகளும்

ஐயா / அம்மணி,

கண்டி ஹந்தானையில் தொடங்கி, தேயிலை மலைகளினூடாகச் சென்று, நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை 300 கிலோமீற்றருக்கும் மேல் நீள்வது. அது 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அதாவது ஒரு கட்டம் சராசரியாக 14 கிலோமீற்றர். இது சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் பாதை அல்ல. காலையில் காரை நிறுத்திய இடம் ஒரு பள்ளத்தாக்கிலும், மாலையில் ஆள் நிற்கும் இடம் மலைக்கு அப்பால் இன்னொரு பள்ளத்தாக்கிலும் இருக்கும். எனவே இந்தப் பாதைக்குப் பொருந்தும் வாகனம் பஸ்தான். நாங்கள் புதிய பஸ் கேட்கவில்லை. ஓடுகிற பஸ்களின் நேரங்களில் சிலவற்றை மாற்றித் தரவே கேட்கிறோம்.

சிக்கல் எல்லாக் கட்டங்களிலும் இல்லை. ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகத்தைக் கடந்து உடுவெல பஸ் போகிறது. முதற்கட்டம் முடியும் கலஹாவிலிருந்து கண்டிக்குப் பஸ் உண்டு. மூன்றாம் கட்டம் முடியும் தவலந்தன்னை, கம்பளை – நுவரெலியா பிரதான வீதியிலேயே இருக்கிறது. அங்கே இறங்கியவர் எந்தப் பக்கம் போவதற்கும் காத்திருக்க வேண்டியது கொஞ்ச நேரம்தான். வட்டகொடையிலும் கொட்டகலையிலும் ரயில் நிலையம் உண்டு. நோர்வூட்டும் பொகவந்தலாவையும் ஹட்டனோடு பஸ்ஸால் இணைந்தவை. இவற்றைப் பற்றி எமக்குக் குறையில்லை.

சிக்கல் லூல்கந்துரையிலும் டயகமவிலும்தான்.

லூல்கந்துரை இரண்டாம் கட்டத்தின் முடிவு, மூன்றாம் கட்டத்தின் தொடக்கம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வர்த்தக அளவில் தேயிலை பயிரிட்ட தோட்டம் என்பதால், நடக்காதவர்களும் அங்கே வருகிறார்கள். ஆனால் அது பிரதான வீதியில் இல்லை. தெல்தோட்டைப் பக்கமிருந்து ஒடுங்கிய தோட்ட வீதியில் ஏற வேண்டும். முச்சக்கரவண்டிக்காரர் கேட்கும் தொகைதான் கட்டணம். மழை பெய்தால் அது இன்னும் ஏறும். 54 ஆசனப் பெரிய பஸ் அந்த வளைவுகளில் திணறும் என்பதை சாரதிகளே சொல்வார்கள். 29 ஆசனச் சிறிய பஸ் போதும். அது திரும்புவதற்குத் தொழிற்சாலை முற்றம் போன்ற இறுகிய தரை வேண்டும். அதற்குத் தோட்ட முகாமைத்துவத்தின் எழுத்துமூல இணக்கத்தை அதிகார சபையே பெற்றுத் தர வேண்டும். வாய்ப்பேச்சில் கிடைத்த அனுமதி, முகாமையாளர் மாறியதும் போய்விடும்.

டயகமவின் கதை வேறு. பொகவந்தலாவையிலிருந்து டயகமவுக்கு மலை கடந்து நடந்தால் ஒரு பகல் போதும். அதே இடத்திலிருந்து பஸ்ஸில் பொகவந்தலாவைக்குத் திரும்புவதென்றால் அக்கரப்பத்தனை, லிந்துலை, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன், நோர்வூட் என்று மலையையே சுற்ற வேண்டும். தலவாக்கலையிலும் ஹட்டனிலும் வண்டி மாற வேண்டும். தலவாக்கலையில் ஒரு இணைப்பைத் தவறவிட்டால் ஹட்டனில் கடைசி பொகவந்தலாவை பஸ்ஸும் போய்விடும். டயகமவிலிருந்து புறப்படும் மாலைப் பஸ், தலவாக்கலையில் ஹட்டன் பஸ் கிளம்புவதற்குக் குறைந்தது 15 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். இரண்டு அட்டவணைகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் தீர்கிற விடயம் இது. இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்களும் தனியார் பஸ்களும் ஒருங்கிணைந்த நேர அட்டவணையில் ஓடும் வழித்தடங்களில் இதற்கு இரு தரப்பின் இணக்கமும் தேவை என்பதை அறிவோம்.

ஏன் நேரம் இடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டப் பஸ் அட்டவணை பாடசாலைக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் போகிறவர்களுக்காக அமைந்தது. அது சரியானதே. இரவு தோட்டத்தில் தங்கும் பஸ் விடியலில் டவுனுக்கு இறங்கும். அதே பஸ்தான் மேலே திரும்பி வரவேண்டும் என்பதால் முதலாவது ஏறு பயணம் பிந்துகிறது. மாலையில் கடைசியாக மேலே வரும் பஸ் இரவுக்கு அங்கேயே நின்றுவிடும். ஆகவே கடைசி இறங்கு பயணம் பிற்பகலிலேயே முடிந்துவிடுகிறது. நடப்பவருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு.

தேயிலை மலைகளில் ஏற்ற இறக்கத்தோடு நடந்தால் மணிக்கு 3 கிலோமீற்றர் போகலாம். 14 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 5 மணித்தியாலம். ஓய்வு, சாப்பாடு சேர்த்தால் 6. காலை 7.30க்குத் தொடங்கினால் 1.30க்கு முடியும். 10 மணிக்குத் தொடங்கினால் 4 மணி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு இடியோடு மழை வருவது வழக்கம். திறந்த மலைமுகட்டில், தேயிலைச் செடிக்கு மேல் உயரமாக நிற்பது ஆள் மட்டும்தான் என்ற இடத்தில், அந்த நேரத்தில் இருக்கக் கூடாது. மழை நின்றதும் மூடுபனி இறங்கும். கிளைப்பாதைகளில் அடையாளக் கம்பம் பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது. ஆறு மணியளவில் இருட்டும். காலைப் பஸ் இரண்டு மணித்தியாலம் பிந்தினால் இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

ஆகவே எமது கோரிக்கை இதுதான். லூல்கந்துரைக்கும் டயகமவுக்கும் காலை 7.30க்கு முன் போய்ச்சேரும் ஒரு ஏறு பயணமும், மாலை 4.30க்குப் பின் புறப்படும் ஒரு இறங்கு பயணமும் வேண்டும். வாரம் முழுவதும் முடியாவிட்டால் சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாட்களில் மட்டுமாவது முதலில் ஆறு மாதம் பரீட்சார்த்தமாக ஓட்டிப் பார்க்கலாம். நடப்பவர்கள் அதிகம் வருவது அந்த நாட்களில்தான். தோட்டப் பஸ்கள் குறைவதும் அதே நாட்களில்தான். வருமானம் போதாதென்று அனுமதிப்பத்திர உரிமையாளர்கள் தயங்கினால், பரீட்சார்த்தக் காலத்தில் மட்டும் அந்தப் பயணங்களை இ.போ.ச. டிப்போக்களிடம் ஒப்படைக்கலாம். மாலை 4.30 பஸ் எமக்கு மட்டும் பயன்படுவதல்ல. டவுனுக்கு மேலதிக வகுப்புக்குப் போகும் பிள்ளைகளையும், வேலை முடிந்து கடைக்கு இறங்குபவர்களையும் அது ஏற்றிக்கொள்ளும்.

அடுத்தது அறிவிப்புப் பலகை. இப்போது நேரம் தெரிந்துகொள்ள ஒரே வழி, தரிப்பிடத்துக்கு எதிரே உள்ள கடையில் கேட்பதுதான். கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் ஞாயிறுகளில் கடை பூட்டியிருக்கும். கைபேசியில் பார்க்கலாமென்றால் பள்ளத்தாக்குகளில் சமிக்ஞை கிடைக்காது. இரண்டடிக்கு மூன்றடி தகரத்தில் வர்ணத்தால் எழுதிய பலகை போதும். பிளாஸ்டிக் உறையிட்ட கடதாசி வேண்டாம்: இந்த ஈரத்தில் ஓரம் பிரிந்து, உள்ளே நீர் ஏறி, ஒரு மழைக்காலத்துக்குள் மை கரைந்துவிடும். பலகையில் முதல் பஸ், கடைசி பஸ், ஞாயிறு மற்றும் போயா நாட்களுக்கான தனி வரி, வண்டி மாற வேண்டிய இடம், டிப்போ நேரக்காப்பாளரின் தொலைபேசி இலக்கம் ஆகியன இருக்க வேண்டும். தோட்டத்தின் பெயரோடு பிரிவின் பெயரையும் எழுத வேண்டும். ஒரே தோட்டத்தில் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் இடையில் ஒரு மணிநேர ஏற்றம் இருக்கலாம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். தமிழ் அரச கரும மொழி என்பதை இந்த மாவட்டங்களில் நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

மண்சரிவால் வீதி மூடப்படும்போது, அந்தச் செய்தி டவுன் தரிப்பிடத்தில் மட்டுமல்ல, மேலே பாதை முடியும் இடத்திலும் தெரிய வேண்டும். அதே பலகையின் கீழ் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் எழுத ஒரு கறுப்புப் பட்டை விட்டால் போதும்.

நடத்துனர்களின் முறைப்பாடுகளும் எமக்குத் தெரியும். சேற்றுச் சப்பாத்து, மிதிபலகையை அடைக்கும் முதுகுப்பை, ஆசனத்தில் விழும் அட்டைப்பூச்சி. ஏறுமுன் காலுறை மடிப்புகளைப் பிரித்து அட்டை பார்ப்பதும், பையைக் கழற்றிக் காலடியில் வைப்பதும், சில்லறையாகக் கட்டணம் கொடுப்பதும், கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும் பெண்களுக்கு முதலில் ஏற வழிவிடுவதும் எமது வழிகாட்டிகள் தம் குழுக்களுக்குச் சொல்லும் விதிகள். பதிலாக ஒன்று கேட்கிறோம்: வெளிநாட்டவர் என்பதற்காக மேலதிகமாக வாங்காமல், எல்லோருக்கும் பற்றுச்சீட்டு கொடுக்கப் பணிக்க வேண்டும்.

ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருவதாலும், ஊவா மாகாணக் கட்டங்கள் தங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை என்பதாலும் அவற்றை இம்மனுவில் சேர்க்கவில்லை.

தலவாக்கலை இணைப்பு நேரம் பற்றிப் பேச டிப்போ அதிகாரிகளும் பஸ் உரிமையாளர்களும் அமரும் கூட்டத்துக்கு எம்மில் இருவரையும் அழைக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: இலங்கைப் போக்குவரத்துச் சபை, மத்திய மாகாணப் பிராந்திய அலுவலகங்கள், மாவட்டச் செயலாளர்கள், கண்டி மற்றும் நுவரெலியா.