அடி ஒன்றுதான், ஆனால் எதற்காக அடித்தான்?

ஆசிரியருக்கு வணக்கம்,

இனம், மதம், மொழி பார்த்துச் செய்யும் வெறுப்புக் குற்றத்துக்குத் தனிச் சட்டம் எதற்கு, அடி வாங்கியவனுக்கு எல்லாம் வலி ஒன்றுதானே, இலங்கை அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை எல்லோரும் சமம் என்று சொன்ன பிறகு ஒரு சாராருக்கு மட்டும் கூடுதல் பாதுகாப்பு கேட்பது அநியாயம் இல்லையா என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான்.

ஆனால் இந்த மாதிரிச் சட்டங்கள் ஒரு சாராருக்கென்று எழுதப்படுவதில்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் நடந்து, 1993 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை போன வழக்கைப் பாருங்கள். அடிபட்டது 14 வயது வெள்ளைக்காரப் பையன், ஆட்களை ஏவிவிட்டது ஒரு கறுப்பின இளைஞர். நிறத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்தெடுத்ததால், கூடியது இரண்டு வருடம் என்றிருந்த தண்டனை நான்கு வருடமானது, ஒன்பது நீதிபதிகளும் அது சரியென்றார்கள். இதில் எந்தச் சாராருக்குச் சலுகை?

காணி எல்லைக்கு இரண்டு பேர் அடிபட்டால் மூன்றாம் வீட்டுக்காரன் பயப்படத் தேவையில்லை. பெயரைக் கேட்டு, பாஷையைக் கேட்டு, தொப்பியையோ திருநீற்றையோ பார்த்து அடித்தால் அந்தத் தெரு முழுக்கக் கதவைச் சாத்துகிறது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் என்ன நடந்தது? ஒரு சிங்கள லொறிச் சாரதியைச் சிலர் அடித்து, அவர் இறந்துபோனார். அதற்கு நீதி வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் எரிந்தது அந்தச் சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும். அதை வெறும் தீவைப்பு என்று எழுதி மூடினால் பாதிதான் எழுதியதாகும்.

சரி, அப்படியானால் உடனே புதுச் சட்டம் கொண்டு வா என்கிறேனா? இந்த நாட்டில் அதைச் சொல்லவும் பயமாக இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) இன, மத வெறுப்பைத் தூண்டுவோருக்குப் பத்து வருடம் வரை சிறை என்கிறது, பிணையும் மேல் நீதிமன்றத்தில்தான். யாரைப் பிடித்தது? 2019 இல் ஒரு சிறுகதைக்காகச் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை நான்கு மாதம் விளக்கமறியலில் வைத்தது. எங்கள் மன்னார்ப் பக்கத்துக் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமைக் கவிதை எழுதியதற்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தூக்கினார்கள், பிணை கிடைக்கவே 2021 டிசம்பராகிவிட்டது, 2023 இல் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். அந்த ஒன்றரை வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது? இந்தப் பக்கம், 2019 செப்டெம்பரில் முல்லைத்தீவு செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் கேணியடியில், வேறு இடத்தில் தகனம் செய்யச் சொன்ன நீதிமன்றக் கட்டளையையும் மீறி ஒரு பௌத்த பிக்குவின் உடலை எரித்தார்கள். கேட்கப் போன சட்டத்தரணிக்கு அடி விழுந்தது.

ஆகவே என் கேள்வி பொலிஸ் நிலைய மேசையில் இருந்து தொடங்குகிறது. அடிபட்டவன் "என்னை இன்ன சொல்லிப் பேசித்தான் அடித்தான்" என்று சொன்னால் அது முறைப்பாட்டில் ஏறுகிறதா, அதுவும் அவனுக்கு விளங்கும் மொழியில் ஏறுகிறதா? ஏறாவிட்டால் சாதாரண காயம் என்று மத்தியஸ்த சபைக்குப் போய், இரண்டு பேரும் கை குலுக்கிவிட்டு வருவதோடு காரியம் முடிந்துவிடும். ஏற்கனவே குற்றமாக உள்ள தாக்குதலுக்கும் தீவைப்புக்கும், வெறுப்புத்தான் காரணம் என்று நிரூபித்தால் தண்டனை கூடும் என்று தண்டனைச் சட்டக் கோவையில் சேர்த்தால் போதும். அந்தக் காரணத்தைப் பதியாத அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம், இதைக் கேட்கும்போது வடக்குத் தமிழராகிய எங்கள் முதுகையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாதி சொல்லிக் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் ஆளைத் தடுப்பது குற்றம் என்று 1957 இலேயே சட்டம் வந்தது. பிறகும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போகச் சனம் வாசலில் இருந்து போராட வேண்டியிருந்தது. 1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளை இன்றைக்கும் எப்படிக் கூப்பிடுகிறோம் என்று இங்கே யாருக்கும் தெரியாததல்ல. 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் திரும்பி வந்து காணி கேட்டால் முகம் சுளிப்பவர்களும் எங்களுக்குள்தான் இருக்கிறார்கள். சட்டம் வந்தால் இவர்களும் எங்களுக்கெதிராக முறைப்பாடு செய்வார்கள், செய்ய வேண்டும்.

ஒன்று மட்டும். நாளைக்கு அப்படியொரு வரைவு வந்து, அதில் பேச்சையும் எழுத்தையும் தொடும் ஒரு வரி நுழைந்திருந்தால் நானும் போன வார வாசகரோடு சேர்ந்து எதிர்ப்பேன். அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.