தொங்கும் இறக்கை

அன்புள்ள பாப்பா,

நீ பெர்த்திலிருந்து அனுப்பிய ஸ்கைஹாக் போர்விமான மாடல் கிட் ஒருவழியாக முடிகிற நிலைக்கு வந்துவிட்டது. மூன்று மாதம் ஆகிவிட்டது. சோம்பல் இல்லை, மழை.

நம் சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். லேக்கர் பெயிண்டில் கலந்த தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. அடுப்படிக்குப் பின்னால், மூங்கில் கழியில் துணி காயும் இடத்தில் நின்று அடித்தேன். மறுநாள் பார்த்தால் சாம்பல் நிறமெல்லாம் பால் கொட்டியதுபோல வெளுத்திருந்தது. அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. வெயில் வந்த நாளில் மெதுவாகக் காயும் தின்னரை லேசாக அடித்ததும் சரியாகிவிட்டது.

மூக்கினுள் எடைக்கு ஈயம் வைக்க மறந்து உடலை ஒட்டிவிட்டேன். நிறுத்தினால் வால் குத்தி உட்கார்ந்தது. அப்புறம் முன்சக்கரக் குழி வழியாகத் தூண்டில் ஈயத்தைத் துண்டு துண்டாக உள்ளே தள்ளி ஒட்டினேன். இத்தனை வருடம் விமான டெக்னீஷியனாக இருந்தவன் என்று வெளியே சொல்லாதே.

ஆனால் இறக்கையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முன்விளிம்பில் இறங்கித் திறக்கும் தகடுகளான ஸ்லாட்டுகளை மூடியபடி வார்த்திருந்தார்கள். தரையில் நிற்கும் ஸ்கைஹாக்கில் அவை அப்படி இருக்காது. அவற்றை இயக்க மோட்டார் கிடையாது. வேகமாகப் பறக்கும்போது காற்று அமுக்கி மூடும், வேகம் குறைந்தால் தானாகத் திறக்கும், நின்றால் சொந்த எடையில் தொங்கும். தெங்கா விமானத் தளத்தில் காலையில் கையால் தூக்கி விட்டுப் பார்ப்போம், தடையில்லாமல் விழ வேண்டும். பாய லேபார் தளத்தில் பொதுமக்களை அனுமதித்த நாளில் நீ என் தோளில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, இதோட ரெக்கை உடைஞ்சிருக்கு, யாரும் பாக்கலையா?" என்று கத்தினாயே, அது இந்த ஸ்லாட்தான். விமானி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் தலைகுனிவு.

ஆகவே கத்தியால் கீறி வெட்டி எடுத்தேன். ஒன்று இரண்டாக உடைந்தது. பிளாஸ்டிக் தகட்டை இழைத்து வேறு செய்தேன். இறக்கை முழுவதுமே 17 செண்டிமீட்டர் சொச்சம், அதில் இந்தத் துண்டு எவ்வளவு இருக்கும், நீயே நினைத்துப் பார். பிராஸ் பாசாவில் புதுக் கண்ணாடி வாங்கியது இதற்காகத்தான்.

நம் விமானப்படையின் சிங்க முகச் சின்னத்தை ஒட்டியாயிற்று. முதலில் பளபளப்புப் பூச்சு, அதன்மேல் டெக்கால், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படம். இல்லாவிட்டால் அடியில் காற்று நின்று வெள்ளி போல மினுங்கும். வயிற்றுப் பக்கம் எண்ணெய்க் கறையும் வைத்திருக்கிறேன். அழுக்கு என்று துடைத்துவிடாதே. 2005-ல் இங்கே ஸ்கைஹாக்குகள் ஓய்வு பெறும்வரை அந்தக் கறையைத் துடைத்தவன் நான், எங்கே இருக்கும் என்று தெரியும்.

அடுத்து இருவர் அமரும் பயிற்சி விமானம். இரண்டு தனித்தனிக் கண்ணாடிக் கூடு வைத்த ஸ்கைஹாக் சிங்கப்பூரிடம் மட்டும்தான் இருந்தது. ஜூனில் வரும்போது இதே பெட்டியில் இரண்டு வாங்கி வா, ஒன்றை அறுத்து இன்னொன்றோடு சேர்க்கலாம். அம்மாவிடம் விலையைப் பாதியாகச் சொல்.

அன்புடன்,
அப்பா