எட்டு நிமிடத்தில் வேகாத பொங்கலும் என் 3,850 ரூபாயும்

அனுப்புநர்:
மதுரை வாடிக்கையாளர் (பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் உங்கள் ஆர்டர் பதிவிலேயே இருக்கின்றன)

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: முகாம் சமையல் பெட்டி பற்றிய புகார், பணத்தைத் திரும்பக் கேட்டல்

ஐயா / அம்மா,

வணக்கம். டிசம்பர் நடுவில் உங்களிடம் ஒரு முகாம் சமையல் பெட்டி வாங்கினேன். விலை 3,850 ரூபாய். ஒற்றை பர்னர் அடுப்பு, 220 கிராம் பியூட்டேன் சிலிண்டர் ஒன்று, ஒன்றரை லிட்டர் அலுமினியப் பாத்திரம், அப்புறம் எட்டு உணவுப் பாக்கெட்டுகள். பெட்டியின் மூடியில் கொட்டை எழுத்தில், ‘மலையோ காடோ, எங்கேயும் 8 நிமிடத்தில் 4 பேருக்குச் சுடச்சுடச் சாப்பாடு’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்த எட்டு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், மச்சினன் என்று நான்கு பேர் பூம்பாறைக்குப் போனோம். கொடைக்கானலைத் தாண்டி பதினெட்டு கிலோமீட்டர். அங்கே பூண்டு போடும் ஒரு விவசாயக் குடும்பம் தோட்டத்து ஓரத்தில் கூடாரம் அடிக்க இடம் தருகிறது. போகிற வழியில் சோதனைச் சாவடியிலேயே உங்கள் பெட்டி முதல் அடி வாங்கியது. உள்ளே நீங்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் கப், ஸ்பூன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை, ஸ்பூனுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. கொடைக்கானலில் எவ்வளவு கெடுபிடி என்பது ஊருக்கே தெரியும். மலைக்கென்றே விற்கிற பெட்டியில் அதை வைத்தது யார் யோசனையோ! சரி, அதை விடுங்கள். கையால் சாப்பிடுகிறவர்கள்தான் நாங்கள்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன். கைபேசியில் பார்த்தபோது 8 டிகிரி காட்டியது. முதல் நான்கைந்து நிமிடம் நீலச் சுவாலை நன்றாகத்தான் எரிந்தது. அப்புறம் அது சுருங்கிச் சுருங்கி, பூஜை விளக்குத் திரி மாதிரி ஆகிவிட்டது. சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தால் ஐஸ் கட்டி. அதன் அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே தளும்பியது. அதாவது வாயு தீரவில்லை, வெளியே வரத்தான் மறுக்கிறது.

என் மச்சினன் ராணுவத்தில் லடாக்கில் இருந்து ஓய்வு பெற்றவன். பார்த்ததுமே சிரித்தான். “மாமா, இது சும்மா பியூட்டேன். பூஜ்ஜியம் டிகிரி பக்கம் போனாலே ஆவியாகாது. எரிய எரிய சிலிண்டர் தன்னைத்தானே இன்னும் குளிராக்கிக்கும். குளிருக்குன்னா ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது வாங்கணும்.” ஐசோபியூட்டேன் மைனஸ் 11 டிகிரிக்கும் கீழேதான் அடங்குமாம், புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்குமாம். மாலைக் குளிரே 8 டிகிரி என்றால் விடியற்காலை காபிக்கு என்ன கதி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல் பக்கம் உறைபனி விழுவது செய்தித்தாளில் வருஷாவருஷம் வருகிற படம். மலை என்று மூடியில் எழுதியவர்களுக்கு அது தெரியாதா?

சிக்னலுக்காக ரோடு வரை நடந்து போய் உங்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பதினோரு நிமிடம் பாட்டு கேட்டேன். அப்புறம் பேசிய தம்பி மிகவும் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் சொன்ன யோசனை இது: “சார், சிலிண்டரைக் கொதிக்கிற வெந்நீர்ல கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க.” வெந்நீர் வைக்க அடுப்பு இருந்தால் நான் ஏன் தம்பி உங்களைக் கூப்பிடுகிறேன்? அது போகட்டும். 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது, வெடிக்கும் என்று உங்கள் சிலிண்டரின் மேலேயே சிவப்பில் எழுதியிருக்கிறது. வாடிக்கையாளருக்கு இந்த யோசனையைச் சொல்லச் சொல்லிக் கொடுத்தவர் யாரோ, அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். கடைசியில் என் மச்சினன் சிலிண்டரைத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகுதான் அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

இனி பொங்கல். பாக்கெட்டைப் பிரித்தால் பச்சரிசி, பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், உடைத்த முந்திரி நாலு துண்டு. எல்லாம் பச்சை. வேக வைத்துக் காய வைத்ததும் இல்லை, வறுத்ததும் இல்லை. மளிகைக் கடையில் நானே கட்டிக்கொள்ளக்கூடிய பொட்டலம். ‘கொதிக்கும் நீரில் போட்டு மூடி 8 நிமிடம்’ என்று பின்னால் குறிப்பு. எட்டு நிமிடம் கழித்துத் திறந்தேன். அரிசி மேலே மட்டும் வெளுத்திருந்தது, கடித்தால் நடுவில் சுண்ணாம்பு மாதிரி நறுக்கென்றது. பதினெட்டு நிமிடம். முப்பது நிமிடம். தண்ணீர் இரண்டு தடவை ஊற்றினேன். நாற்பதாவது நிமிடம் அரிசி ஒருவாறு வெந்தது. பருப்பு மட்டும் தனித்தனியாக, மஞ்சள் மணி போல, கரண்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. பூம்பாறை சுமார் 1,900 மீட்டர் உயரம். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் குறைந்துகொண்டே வரும். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்குள்ளேயே தளதளவென்று கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. மதுரையில் வேகிற பருப்பு அங்கே லேசில் வேகாது, குக்கர் இருந்தால் ஒழிய. குக்கருக்குள் அழுத்தத்தால் 115 டிகிரியைத் தாண்டும், அதனால்தான் மலையில் குக்கர் இல்லாத வீடு இல்லை. லடாக்கில் உள்ள லே நகரம் 3,500 மீட்டர் உயரம். அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு போட்டால் மறுநாள்தான் சாப்பாடு என்கிறான் என் மச்சினன். நீங்கள் இந்தப் பொங்கலைச் சோதித்துப் பார்த்தது எங்கே? கடல் மட்டத்தில், வீட்டு கேஸ் அடுப்பில், ஃபேன் காற்றில் என்றுதான் தோன்றுகிறது.

மணி எட்டரை ஆனது. தோட்டத்துக்கார அம்மா டார்ச்சுடன் வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். “ஏன் தம்பி, குக்கர் எடுத்தாரலையா? இங்க பருப்பு சும்மா வேகாதே” என்றார். ஒரு வரி. அந்த ஒரு வரியை உங்கள் பெட்டியில் அச்சடித்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். பாத்திரத்தோடு வாங்கிக்கொண்டு போய், பத்துப் பதினைந்து பல் மலைப்பூண்டைத் தட்டிப் போட்டு, குக்கரில் ஐந்து விசில் விட்டுக் கொண்டுவந்து தந்தார். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு அது. சின்னப் பல்தான், ஆனால் வாசனை கூடாரம் முழுக்க நின்றது. பொங்கல் கஞ்சியாகியிருந்தது. ஆளுக்கு ஒன்றரைக் கரண்டிதான் வந்தது என்றாலும் சாப்பிட்டோம்.

ஒன்றரைக் கரண்டி ஏன் என்றால், பாக்கெட்டின் நிகர எடை 200 கிராம். நான்கு பேருக்கு! ஆளுக்கு 50 கிராம் அரிசியும் பருப்பும் சேர்த்து. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு அரிசி மட்டுமே கால் படிக்குக் குறையாது. மலையேறி, கூடாரம் அடித்து, குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பவனுக்குப் பசி இன்னும் இரண்டு மடங்கு.

மேலே சொன்னவை பணமும் வயிறும் சம்பந்தப்பட்டவை. இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். சாயங்காலம் காற்று வீசி அடுப்பு அணைந்து அணைந்து எரிந்தபோது என் மகள் உங்கள் பெட்டியைக் காட்டி, “அப்பா, இந்தப் படத்துல கூடாரத்துக்குள்ளயே வச்சு சமைக்கிறாங்க, நாமளும் உள்ள வச்சுக்கலாமே” என்றாள். பார்த்தேன். உண்மைதான். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நடுவில் அடுப்பு, மேலே நைலான் கூரை, ஜிப் மூடியிருக்கிறது. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அப்படியே முடிந்துவிடும். நைலானில் ஒரு பொறி பட்டால் அது உருகிச் சொட்டும். எங்களோடு ராணுவத்துக்காரன் இருந்தான், தடுத்தான். எல்லாக் குடும்பத்திலும் ஒருவன் இருப்பானா?

குறிப்புத் தாளின் கடைசி வரி இன்னும் மோசம். ‘அடுப்பு எரியாவிட்டால் கவலை வேண்டாம், காய்ந்த சுள்ளிகளைப் பொறுக்கித் தீ மூட்டி இயற்கையோடு சமைத்து மகிழுங்கள்.’ 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காயத்தோடு கிடந்தவர்களைப் பற்றித் தினமும் செய்தி படித்த ஊர்க்காரன் நான். காட்டில் தீ மூட்டுவது குற்றம் என்பதையாவது ஒரு வார்த்தை போடாமல், மகிழுங்கள் என்று எழுத எப்படி மனசு வந்தது?

நியாயமாக நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை செய்த ரவா உப்புமா பாக்கெட் அருமை. ரவையை ஏற்கெனவே வறுத்து, கடுகு உளுத்தம்பருப்பு தாளித்துப் போட்டிருக்கிறீர்கள். கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிளறி மூடினால் ஐந்து நிமிடம், 94 டிகிரியே அதற்கு எதேஷ்டம். சேமியாவும் சரியாக வந்தது. சுக்கு காபிப் பொடியை என் மனைவி மிச்சம் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அப்படியென்றால் உங்களிடம் யாருக்கோ விஷயம் தெரிகிறது, அவரை அரிசி, பருப்புப் பாக்கெட் பக்கம் விடவில்லை, அவ்வளவுதான். சாம்பார் சாதம், தக்காளி சாதம் பாக்கெட்டுகளிலும் பச்சை அரிசிதான் இருந்தது. அவற்றைப் பிரித்துப் பார்த்ததோடு மூடிவிட்டோம்.

மீதி வேளைகளுக்கு எங்களைக் காப்பாற்றியது மனைவி கைப்பையில் போட்டு வந்த அரைக் கிலோ கெட்டி அவலும் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும். அவலைக் கழுவி இருபது நிமிடம் ஊறப் போட்டு, பிழிந்து, புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் புளி அவல். அடுப்பே வேண்டாம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கட்டிக்கொண்டு போகிற புளிச்சோற்றுக்கு இது தம்பி. மொத்தச் செலவு நூறு ரூபாய்கூட இல்லை. அரிசிச் சோறுதான் விற்பேன் என்றால், முழுக்க வேக வைத்த பிறகு உலர்த்திய அரிசியைப் போடுங்கள். இல்லையேல் சமைத்து மூடிய பையில் கொடுங்கள், சூடு காட்டினால் போதும். மைசூரில் 1961-இல் தொடங்கிய பாதுகாப்புத் துறை உணவு ஆய்வுக்கூடம் படைவீரர்களுக்கு இந்த மாதிரிச் சாப்பாட்டைத்தான் உருவாக்கித் தருகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். 3,850 ரூபாயை 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். கூடாரத்துக்குள் சமைக்கும் படத்தையும் சுள்ளி பொறுக்கச் சொல்லும் வரியையும் உடனே எடுங்கள், கடைகளில் இருக்கும் பெட்டிகளில் எச்சரிக்கை ஸ்டிக்கராவது ஒட்டுங்கள். பணத்தைவிட இது முக்கியம். அரிசிப் பாக்கெட்டுகளில் குக்கர் தேவை என்று போடுங்கள், 200 கிராமை நான்கு பேருக்கு என்று சொல்வதை நிறுத்துங்கள். சிலிண்டர் எந்தக் குளிர் வரை வேலை செய்யும் என்பதையும் மூடியிலேயே எழுதுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. மூடியில் நீங்கள் போட்டிருக்கும் வாசகம் தவறான விளம்பரமா இல்லையா என்று ஆணையம் சொல்லட்டும்.

பில்லின் நகல், மூடியின் புகைப்படம், பனி படிந்த சிலிண்டரின் புகைப்படம், நாற்பதாவது நிமிடத்தில் எடுத்த பொங்கலின் புகைப்படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். கடைசிப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், பருப்பு ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். பிரித்த பாக்கெட்டுகளையும் மிச்ச சிலிண்டரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் கொடுத்தனுப்புகிறேன். கேஸ் இருப்பதால் கூரியரில் போட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை

பி.கு.: அலுமினியப் பாத்திரம் பூம்பாறையிலேயே இருக்கிறது. அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அதன் விலையை வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள்.