உருளைக்கிழங்கு விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். எனவே இந்த ஆண்டு நாம் அதிகம் பேசிய பயிர் சுழற்சிக்கே நேராக வருகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் "உருளை இனி கட்டுமா?" என்று பலர் கேட்டீர்கள். அதற்காகத்தான் மட்டத்துக்கு (மலைச்சரிவில் படியாக வெட்டிய ஒவ்வொரு வயலுக்கும்) ஒரு நோட்டு போட்டுக் கணக்கு எழுதச் சொன்னோம். எழுதியவர்களின் நோட்டுகளை உட்கார்ந்து படித்தேன். ஒரு போகத்தின் லாபத்தை மட்டும் பார்த்தால் நாம் ஏமாந்துபோகிறோம். கார்போகத்தில் நல்ல விலை கிடைத்ததும் அதே மட்டத்தில் அடுத்து வரும் கடைபோகத்துக்கும் உருளையையே போடுகிறோம். மூன்றாவது தடவை விதைக்கிழங்குக்குக் கொடுத்த காசுகூடத் திரும்புவதில்லை. என் சொந்த மட்டத்திலும் இதுதான் நடந்தது. அந்த நஷ்டம் இன்னும் வலிக்கிறது.

காரணம் நமக்குப் புதிதல்ல. உருளையின் வேரில் ஏறிச் சத்தை உறிஞ்சும் தங்க நூற்புழுதான் அது. இந்தப் புழுவை இந்தியாவிலேயே முதன்முதலாக 1961-ல் நம் நீலகிரியில்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு முட்டைக்கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகள் இருக்கும். உருளை வேரின் கசிவு பட்டதும் அவற்றில் பெரும்பாலானவை பொரிந்து வேரில் ஏறும். உருளை இல்லாத ஆண்டுகளில் ஒரு பங்கு முட்டைதான் பொரியும். பொரிந்த புழு உணவில்லாமல் சாகும். மீதி மண்ணிலேயே பல ஆண்டுகள் காத்துக் கிடக்கும். அதனால் ஒரு வருடம் பயிரை மாற்றிப் போட்டுவிட்டு "சரி, போதும்" என்று திரும்பி வருவதில் பயனில்லை. ஒரு மட்டத்தில் உருளை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் என்று வைத்துக்கொள்வோம், நான்கு என்றால் இன்னும் நல்லது. தக்காளியும் கத்தரியும் இந்தப் புழுவுக்கு உணவு என்பதால் அவற்றை மாற்றுப் பயிராகக் கருத வேண்டாம்.

பெரியவர்களும் இளைஞர்களும் உட்கார்ந்து பேசி ஒரு வரிசையை முடிவு செய்தோம். முதல் வருடம் கார்போகத்தில் தொழு உரம் போட்டு உருளை, அதன்பின் கேரட். புதுச் சாணத்தில் கேரட் கிளை விட்டுப் பிளந்துவிடும். உருளைக்குப் போட்ட உரத்தின் மிச்சத்தில், கிழங்கு வெட்டிப் பொலபொலவென்று இருக்கும் மண்ணில் நேராக இறங்கும். இரண்டாம் வருடம் சுண்ணாம்பு போட்டு முட்டைக்கோஸ், பிறகு பீன்ஸ். மூன்றாம் வருடம் பூண்டு, அப்புறம் பட்டாணி. நான்காம் வருடம் மறுபடி உருளை.

சுண்ணாம்பை ஏன் கோஸுக்கு முன்பே போட வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். நம் மண் புளிப்பு மண். புளிப்பில்தான் கோஸின் வேர் முண்டு முண்டாக வீங்கும் நோய் பெருகும். அதே சுண்ணாம்பை உருளைக்கு முன்னால் போட்டால் கிழங்கில் சொறி வரும், மண்டியில் விலை விழும். கோஸுக்குப் போட்டால் உருளை வருவதற்குள் இரண்டு வருட இடைவெளி கிடைக்கிறது. முள்ளங்கி, டர்னிப், காலிஃபிளவர் எல்லாம் கோஸ் குடும்பமே. கோஸுக்குப் பின் அவற்றைப் போட்டுவிட்டு "பயிரை மாற்றினேன்" என்று சொல்லாதீர்கள்.

மாற்றுப் பயிர் போட்டபின் தானாக முளைக்கும் உருளைச் செடிகளைத் தயவுசெய்து விட்டுவைக்காதீர்கள். ஒரு செடி நின்றாலும் புழுவுக்குச் சோறு போட்ட மாதிரிதான். கேரட்டில் களை எடுக்கும் அக்காமாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த ஆண்டு மிகக் கவனமாகச் செய்தவர்களும் அவர்கள்தான், நன்றி.

ஊட்டிக்கு அருகிலுள்ள முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய குஃப்ரி ஸ்வர்ணா நூற்புழுவைத் தாங்கும் ரகம். புழு பொரிந்து வேருக்குள் போனாலும் அதில் பெருக முடியாது, அதனால் மண்ணில் எண்ணிக்கை குறையும். ஆனால் அதையே வருடா வருடம் போட்டால் அதைத் தாண்டும் புழு வகை தேறிவிடும். ரகம் இருக்கிறது என்று சுழற்சியை விட்டுவிடக் கூடாது.

நம் திட்டம் தடுமாறிய இடம் குத்தகை. ஒரு வருடக் குத்தகைக்காரர் மூன்று வருடத்துக்குப் பிறகான மண்ணை ஏன் பார்ப்பார்? கையில் இருக்கும் வருடத்திலேயே உருளையைப் போட்டு எடுத்துவிடத்தான் நினைப்பார். அவர்மேல் குற்றமில்லை. நிலம் வைத்திருப்பவர்களிடம் மூன்று வருடக் குத்தகை கேட்டோம். சிலர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் யோசிக்கிறார்கள். அடுத்த ஆண்டு இதுதான் செயற்குழுவின் முதல் வேலை.

சுழற்சி என்றால் நிலம் முழுவதிலும் ஒரே நேரத்தில் ஒரே பயிர் என்று யாரும் நினைக்க வேண்டாம். நிலத்தை மூன்று பங்காகப் பிரித்தால் எல்லா வருடமும் ஒரு பங்கில் உருளை இருக்கும், மற்றதில் காய்கறி இருக்கும். மேட்டுப்பாளையம் மண்டியில் உருளை விலை சரிந்தாலும் பூண்டோ கேரட்டோ வீட்டுச் செலவைத் தாங்கும்.

பூக்கும் பருவத்தில் மட்டத்துக்கு நான்கு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ மணிகள் ஒட்டியிருந்தால் அந்த மட்டத்தின் எண்ணைச் சங்க நோட்டில் எழுதுங்கள். நோட்டு என் வீட்டில் இருக்கிறது. எந்த நேரமும் வரலாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்