ஒரு பக்கம் மட்டும் வரும் கொப்புளம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பரம்பரைத் தோல் நோய்கள் பற்றிய கட்டுரையில் ஹெய்லி-ஹெய்லி நோய்க்கும் இடம் கொடுத்ததற்கு நன்றி. அக்குள், தொடையிடுக்கு, கழுத்து மடிப்புகளில் கொப்புளித்து உடைந்து புண்ணாவது, வியர்வையும் உராய்வும் அதைக் கிளப்பிவிடுவது, யாருக்கும் தொற்றாதது, எல்லாம் சரியாகவே இருந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு என்று முடித்ததில்தான் எனக்குக் குறை.

என் கணவருக்கு இருப்பது அந்தக் கணக்கில் அடங்காது. வலது இடுப்பில் தொடங்கி முதுகுப்பக்கம் பட்டையாக ஓடி, முதுகெலும்பருகே கோடு கிழித்தாற்போல் நின்றுவிடும். இடப்பக்கம் ஒரு பொட்டுகூடக் கிடையாது. இடுப்புப் பட்டி அழுத்தும் இடத்தில் நீர் கசிந்து பனியன் ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது தோலும் சேர்ந்து வரும். அக்கி என்றார்கள், பிறகு படை என்றார்கள். அக்கி என்றால் சில வாரங்களில் ஆறியிருக்க வேண்டும், இதுவோ அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தது. தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்த பிறகே பெயர் தெரிந்தது. தெரிந்ததும் வீட்டில் விசாரணை: யார் வழியில் வந்தது, மாமனாரா, மாமியாரா?

இருவருமே இல்லை. செல்லுக்குள் கால்சியத்தை இடம் மாற்றும் பம்பை உருவாக்கும் ஏடிபி2சி1 மரபணு, கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லில் பழுதாகியிருக்கிறது. அந்தச் செல்லின் வாரிசுகள் பரவிய தடத்தில் மட்டும் நோய். இத்தகைய தடங்களை ஜெர்மானிய மருத்துவர் பிளாஷ்கோ 1901இலேயே படம் வரைந்து காட்டிவிட்டார்.

இன்னொரு வகையும் உண்டு. எல்லோருக்கும் இந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கும்; அதில் பழுதான ஒரு பிரதி பெற்றோரிடமிருந்தே வந்திருக்கும். ஒரு தடத்தில் மட்டும் மிச்சமிருந்த நல்ல பிரதியும் கருவிலேயே போய்விடும். அங்கே சிறுவயதிலேயே கடுமையாகத் தாக்கும். வளர்ந்த பிறகு மற்ற மடிப்புகளிலும் வழக்கமான நோய் தலைகாட்டும். 50 சதவீதக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தும்.

முதல் வகையில் இரத்தத்தை மட்டும் சோதித்தால் எதுவும் அகப்படாமல் போகலாம். பட்டையிலிருந்து எடுத்த தோலிலும் மரபணுச் சோதனை செய்ய வேண்டும். அதற்காகப் பிள்ளைகளுக்கு வரவே வராது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. விந்தணு, கருமுட்டை தரும் செல்களையும் அந்தப் பழுது எட்டியிருந்தால், பிள்ளைக்கு நோய் ஒரு பட்டையோடு நிற்காது. கல்யாணப் பேச்சில் இருக்கும் குடும்பங்கள் உங்கள் கட்டுரையை வெட்டி வைத்துக்கொள்வார்கள். அடுத்த இதழில் இதையும் நாலு வரியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி