மரச்சீனிக் கம்பு தந்தவர்களுக்கு

வெள்ளம் என்ன செய்தது என்று திருவட்டாறு வட்டாரத்துக்கே தெரியும். விளையில் (மேட்டுத் தோட்டத்தில்) மரச்சீனி, அதாவது மரவள்ளி, மறுபடியும் துளிர்த்துவிட்டது, அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

திற்பரப்பு அக்கா, நடுவதற்குக் கம்பு (மரச்சீனித் தண்டு) தருகிறோம் என்று பலரும் சொன்னார்கள். ஆனால் வெட்டிக் கட்டிய கம்பில் தேமல் நோய் உண்டா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. அது இலையில்தான் தெரியும்: மஞ்சள் திட்டு, கோணிச் சிறுத்த இலை. வெள்ளை ஈ பரப்புவது போதாதென்று நோய்க்கம்பை நட்டு நாமும் பரப்புகிறோம். நீங்களோ இலை நிற்கும்போதே மூடு மூடாக, ஒவ்வொரு செடியாகப் பார்த்து, நோயில்லாததில் மட்டும் வாழைநார் கட்டி வைத்திருந்தீர்கள். உங்கள் நடவுக்கென்று வைத்ததையே எடுத்துத் தந்தீர்கள். நாரும் அடிப்பக்கத்தில்! துண்டு போடும்போது தலை எது, அடி எது என்ற குழப்பமே இல்லை.

நுனியின் இளந்தண்டையும் அடிக்கட்டையையும் தள்ளிவிட்டு, நடுக்கம்பை 15 முதல் 20 செ.மீ. துண்டுகளாக, நசுங்காமல் வெட்டினோம். நசுங்கினால் அந்த வாயில் அழுகல் ஏறும். மண்ணை மேடாகக் கூட்டி, 90 செ.மீ. இடைவெளியில், 5 செ.மீ. ஆழத்தில் நிமிர்த்தி நட்டது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு போச்சு, அதனால் மேடு முக்கியம். இனி எதிரெதிராக இரண்டு முளையை விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும்.

1880களில் திருவிதாங்கூரின் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்த பயிர் என்று பெருமை பேசுகிறோம். கம்பைப் பார்த்து வைக்கிறவர்களை யார் பேசுகிறார்கள்?

வடிகால் வெட்டிய பிள்ளைகள், மூழ்கிய மூடுகளைப் பிடுங்க வந்தவர்கள், பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் நீலம் ஓடிக் கெட்டுவிடும் என்று அண்டாவோடு வந்து, அரிந்து வாட்டி உணக்கித் தந்தவர்கள், ஏலாவின் (வயல்வெளியின்) மடையைத் திறந்துவிட்டவர்கள், எல்லோருக்கும் நன்றி.

அடுத்த விளைச்சலில் நாங்களும் இலை இருக்கும்போதே நார் கட்டுவோம். கம்பு வேண்டியவர்கள் கிழங்கு பிடுங்கும் சமயம் வாருங்கள், விலை கிடையாது. கொண்டுபோனால் காற்றோட்டமான நிழலில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். வெயிலில் போட்டால் காய்ந்துவிடும்.